சூளைத் தூசியும் மஞ்சள் துணியும்

நாரந்தனையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வளவில் ஒரு சுண்ணாம்புச் சூளை இருந்தது. எண்பத்தைந்தாம் ஆண்டு தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று தொடங்கியதிலிருந்து, சூளைக்காரர் கடலில் எடுத்த முருகைக்கல்லை எரித்து, தண்ணீர் தெளித்து நீற்றும் நாட்களில் அம்மாவால் படுக்க முடிவதில்லை. மூச்சிழுப்பு. சுவரில் முதுகைச் சாய்த்து, இருந்தபடியே உறங்குவார்.

சூளைத் தூசியால்தான் இழுப்பு என்று சொல்லி, சூளையை இடம் மாற்றும்படி போய்க் கேட்டேன்.

"அது கடல் உப்பு, தம்பி. காத்தோட வருது. கடலை மறிக்க என்னால ஏலுமோ?" என்றார் சூளைக்காரர். பிறகு கூலியாட்களைப் பார்த்துச் சிரித்தார். "ஒன்பதாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை விட்டனீர். இப்ப எனக்குப் படிப்பிக்க வாறீரோ?"

அந்தச் சிரிப்பை மனதில் முடிந்து வைத்தேன்.

கலியாண வீட்டில் ஆலாத்தி எடுக்க மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கரைத்தால் சிவக்கும். உப்புப் போட்டால் சிவக்காது. பழைய வேட்டியைக் கிழித்து மஞ்சளில் தோய்த்து, ஈரத்தோடு கொடியில் போட்டேன். சூளையில் கல் நீற்றிய அன்று மத்தியானமே துணியில் சிவப்புப் புள்ளிகள், அம்மை போட்டது போல.

அதைக் காட்டியதும் அவர் வேலியோரம் உயரமாகத் தென்னோலைக் கிடுகு மறைப்புக் கட்டினார். கொடித் துணியில் புள்ளிகள் குறைந்தன. "இப்ப சரிதானே?" என்றார்.

அம்மாவுக்கு இழுப்புக் குறையவில்லை. அவர் படுக்கைக்கு மேலே இன்னொரு ஈரத் துணியைக் கட்டினேன். அதில் ஒரு புள்ளியும் விழவில்லை. ஆனால் துணி முழுக்க மெல்லச் செம்மையேறியது. பருமனான தூசியைக் கிடுகு பிடித்துவிட்டது. கண்ணுக்கே தெரியாத சன்னத் தூசி இடுக்கால் நுழைந்து அம்மாவின் நெஞ்சுக்குப் போய்க்கொண்டிருந்தது.

பழி தீர்க்கச் சந்தித் தேத்தண்ணிக் கடையைத் தெரிந்தெடுத்தேன். சூளைக்காரர் ஊராக்கள் நடுவில் வெள்ளை வேட்டியோடு இருந்தார். ஈர மஞ்சள் துணியை விரித்து, கடைக்காரரிடம் உப்பு வாங்கித் தூவினேன்.

"பாருங்கோ அண்ணை, உப்பு. மஞ்சள் மஞ்சளாவே கிடக்கு. இனி உங்கட தலையை ஒருக்காத் தாங்கோ."

பகிடி என்று நினைத்துக் குனிந்தார். உச்சியில் ஒற்றி எடுத்தேன். துணி சிவந்தது.

"நாங்கள் நரையெண்டெல்லோ நினைச்சம்" என்றார் கடைக்காரர். கடை முழுக்கச் சிரிப்பு. சூளைக்காரர் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

எனக்கு அது போதவில்லை. அவர் வீடும் காற்று அடிக்கிற பக்கம்தான். அடுத்த நாள் அவர் மனைவியிடம் ஒரு துணியைக் கொடுத்தேன்.

"அக்கா, குசினிக்குள்ள தொங்கட்டும். அப்பப்ப தண்ணி தெளிச்சு விடுங்கோ. பேரப்பிள்ளை தவழுற வீடெல்லோ."

ஓரிரு நாளில் அந்த அக்காவின் குரல் வேலி தாண்டிக் கேட்டது. "பிள்ளை சாப்பிடுற இடமப்பா இது. ஒண்டில் சூளை போகோணும், இல்லையெண்டா நான் போறன்."

சூளை கடற்கரைக்குப் போனது. பிரிக்கிற அன்று கூலியாள் ஒருவர்தான் வந்திருந்தார். வியர்த்த முதுகில் சுண்ணாம்பு பட்டு எரிய, சூளைக்காரர் நெளிந்து நெளிந்து கல் தூக்கினார்.

"தம்பி, ஒரு கை பிடியுமன்."

"ஏலாது அண்ணை. அம்மா படுத்திருக்கிறா. சத்தம் போடாமல் கழட்டுங்கோ."

கதிரையைக் கொண்டுவந்து நிழலில் போட்டு, கடைசிக் கல் போகும்வரை இருந்து பார்த்தேன்.