ஆறு விமானத்துக்கு ஒரே கையெழுத்து

எங்க அக்கா புருஷனுக்கு வேலை செய்யற இடத்துல வச்ச பேரு ‘ரெண்டுவாட்டி’. எதையும் ஒருவாட்டி பார்த்தா அவருக்குத் திருப்தி வராது. வீட்டைப் பூட்டிட்டுத் தெருமுனை வரைக்கும் போவார், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். அக்கா ஒருதரம், கேஸ் சிலிண்டரை மூடியாச்சுன்னு எழுதி நெத்தியில ஒட்டிக்கட்டுமான்னே கேட்டுட்டா. கூட இருக்கறவங்களுக்குத்தான் தலைவேதனை. எனக்குப் பொறுமை கிடையாது, முன்னாடியே சொல்லிடறேன்.

மாமா விமானப்படையில முப்பது வருஷம் இருந்தவர். சண்டை விமானத்துல ஆபத்துன்னா பைலட்டை சீட்டோட வெளியே தூக்கி எறியும் பாருங்க, அந்த சீட்டைப் பராமரிக்கிறதுதான் வேலை. ரிட்டயர் ஆனதும், மியூசியத்துக்காகப் பழைய விமானங்களைச் சீர் பண்ற ஷெட்டுல சேர்ந்தார். என்னையும் பெயிண்டரா இழுத்துவிட்டார். வருஷக்கணக்கா மழையில நின்ன விமானங்கதான் அங்க வரும். எஞ்சின் வாய்க்குள்ள குருவி கூடு கட்டியிருக்கும். பழைய பெயிண்டை உரிச்சு, அரிச்சுப்போன தகட்டை வெட்டிப் புதுசு வச்சு ரிவெட் அடிச்சு, கடைசியா நான் வால்ல நம்பர் எழுதுவேன்.

இந்தத் தடவை வந்தது ஒத்தை சீட்டு விமானம். திறப்பு அன்னிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைங்க ஏணியில ஏறி உள்ள உட்காரலாம்னு மேனேஜர் நோட்டீஸே அடிச்சுட்டார். விமானம் வந்த நாள்லேர்ந்து மாமா குட்டி போட்ட பூனை மாதிரி அதையே சுத்திச் சுத்தி வந்தார். எல்லாத்தையும் தொட்டார், சீட்டை மட்டும் தொடலை.

திறப்புக்கு ஒரு வாரம் இருக்கறப்ப என் மகளைக் கூட்டிட்டுப் போனேன். ஒரு போட்டோதானேன்னு சீட்டுல தூக்கி உட்கார வச்சேன். மாமா எங்கிருந்து வந்தாரோ, ஏணியில தாவி ஏறினார். கையை மடியில வச்சுக்கோம்மா, எதையும் தொடாதேன்னு மெதுவா சொல்லி, பிள்ளையை அலாக்கா தூக்கி இறக்கினார். இறக்கிட்டு, என் சட்டையைப் பிடிச்சு ஒரு தள்ளு. பிள்ளை மிரண்டு அழுதுது. எனக்கு வந்துதே கோபம்! என் பொண்ணு உட்கார்ந்தா உங்க சீட்டு தேய்ஞ்சா போயிடும்னு வாயில வந்ததையெல்லாம் பேசினேன்.

மூணு நாள் அவர் முகத்துலயே முழிக்கலை நான். அப்புறம் அக்கா போன் பண்ணினா. வீட்டுக்குள்ளயே நடந்துகிட்டு இருக்காருடா, தட்டுல கை வச்சா எழுந்திரிச்சுடறாரு, என்னன்னு கேளுன்னா. அவளுக்காகத்தான் ஷெட்டுக்குப் போய்க் கேட்டேன்.

மாமா அந்த விமானத்தோட ஃபைலை எடுத்துக் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். சீட்டைக் கிளப்புற வெடிமருந்துத் தோட்டாக்களை எடுத்தாச்சுன்னு எழுதி, கீழே கையெழுத்து. அவரோடதேதான்.

“அப்புறம் என்ன மாமா? நீங்களே எடுத்திருக்கீங்களே.”

“எடுத்தேனான்னு தெரியலை மாப்ள.”

ரிட்டயர் ஆகறதுக்கு முந்தின நாள், இதையும் சேர்த்து ஆறு விமானத்தைப் படையை விட்டு அனுப்பறாங்க. காலையில ரெண்டு மூணுல தோட்டாவை எடுத்திருக்கார். அதுக்குள்ள பிரிவு உபசாரக் கூட்டத்துக்கு நேரமாச்சுன்னு ஆள் மேல ஆள் வந்து கூப்பிட்டிருக்காங்க. மீதியைப் பசங்க பார்த்துக்குவாங்கன்னு ஆறு பேப்பர்லயும் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டார். பசங்க பார்த்தாங்களா, யாருக்குத் தெரியும்? எட்டு வருஷமா ஒண்ணும் ஆகலையே, ஒண்ணும் ஆகலையேன்னே நாளைக் கடத்தியிருக்கார். ரெண்டுவாட்டி பார்க்கிற வியாதி அதுக்கப்புறம் வந்ததுதான்.

சீட்டைக் கிளப்புற கைப்பிடியைப் பிள்ளை இழுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு கேட்டேன். அவர் ஷெட்டோட கூரையை நிமிர்ந்து பார்த்தார். எனக்கு அவரை அடிச்சுடலாம் போல இருந்துச்சு. அவளை உட்கார வச்சது என் கைதானேன்னு நினைச்சதும் அழுகைதான் வந்துது. திறந்து பார்த்துத் தொலைக்க வேண்டியதுதானேன்னு கத்தினேன். உள்ள இருந்துட்டா என்ன பண்றதுன்னு பயந்தாராம்.

மறுநாள் காலையில மேனேஜர்கிட்ட ரெண்டு பேருமா போனோம். பேப்பர் சரியா இருக்கு, கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பிடப் போகுதுன்னார் அவர்.

“பேப்பர்ல இருக்கிறது என் கையெழுத்து சார். அதை நம்பாதீங்க”ன்னார் மாமா.

எங்க எல்லாரையும் ரோடு வரைக்கும் துரத்திட்டு, அவர் மட்டும் உள்ள போனார். முக்கால் மணி நேரம். எனக்கு நிக்கவும் முடியலை, உட்காரவும் முடியலை. வெளியே வந்தவர், “இருக்கு”ன்னார். அவ்வளவுதான். மத்தியானமே படையிலேர்ந்து ஆளுங்க வந்து, தோட்டாக்களைக் கழட்டி எடுத்துட்டுப் போனாங்க. மீதி அஞ்சையும் பார்க்க ஆள் அனுப்பறோம், ரெண்டு நாள் ஆகும்னாங்க.

மாமாவுக்கு ரெண்டு நாள் தாங்குமா? மேனேஜர் ரூம்லயே நின்னுகிட்டு அஞ்சு இடத்துக்கும் போன் போட்டார். ஒண்ணு நாற்சந்தியில தூண் மேல நிக்குது, யாரும் ஏற முடியாது. ரெண்டு மியூசியத்துல கண்ணாடி மூடி பூட்டியே இருக்காம். நாலாவது, பூங்கா. உடனே கயிறு கட்டிடறோம்னாங்க. அஞ்சாவது ஒரு பள்ளிக்கூடம். எட்டு வருஷமா பிள்ளைங்க அதுல ஏறித்தான் விளையாடுது, ஒண்ணும் ஆகலையே, பேசறது யாருன்னு தலைமை ஆசிரியை சிரிச்சுகிட்டே கேட்டது எனக்கே கேட்டுது.

“தோட்டாவை எடுத்துட்டேன்னு பொய்க் கையெழுத்துப் போட்டவன்மா. பிள்ளைங்களை இப்பவே இறக்குங்க. நான் லைன்லயே இருக்கேன்.”

அந்தம்மா போனை மேஜை மேல வச்சுட்டு ஓடினாங்க போல. மாமா ரிசீவரைக் காதுலேர்ந்து எடுக்கவே இல்லை. அந்தப் பக்கம் மைதானத்துல பிள்ளைங்க போட்ட சத்தம் கேட்டுகிட்டே இருந்துச்சு. கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சுது.