உவர் சாப்பிடாத குளிர்காலம்

கார் நிறுத்துமிடத்தில் பனிக்கட்டி வழுக்கி விழுந்து கணுக்கால் முறிந்த அந்தக் குளிர்காலத்தை நான் ஒரு பாம்போடு கழித்தேன். வெக்ஸ்போர்டில் எங்கள் அப்பார்ட்மெண்ட் ஒன்பதாம் மாடியில் இருக்கிறது. மனைவி முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்கிறாள். விடிய முன்னரே போய்விடுவாள். எனக்குக் காலில் கட்டு, கக்கத்தில் ஊன்றுகோல். எலும்பு பொருந்தச் சுணங்குகிறது என்று டாக்டர் நாளை நீட்டிக்கொண்டே போனார். லிஃப்டில் கீழே இறங்கி, வாசற்கதவின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று தெருவைப் பார்த்துவிட்டு, திரும்ப மேலே வருவேன். நான் போகக்கூடிய தூரம் அவ்வளவுதான்.

பாம்பு என்னுடையதல்ல, மகளுடையது. இலையுதிர்காலத்தில் அவள் தான் விரும்பிய பெடியனோடு, தாலியும் இல்லாமல் கலியாணப் பதிவு எழுத்தும் இல்லாமல், ஒஷாவாவுக்குக் குடிபோனாள். நான் கத்தினேன், அவளும் கத்தினாள். நான் சொன்னது பிழை என்று இன்றைக்கும் நினைக்கவில்லை. அவளும் தான் சொன்னதைப் பிழை என்று நினைக்கவில்லை. பிடிவாதத்தில் என்னை உரித்து வைத்தவள். போன இடத்தில் வீட்டுக்காரர் பாம்புக்குச் சம்மதிக்கவில்லை. அதனால் பாம்பு மட்டும் கண்ணாடிப் பெட்டியோடு அவளுடைய அறையில் மிஞ்சியது.

அவள் அதற்கு ஒரு செல்லப் பெயர் வைத்திருந்தாள். எனக்கு அது வாயில் வராது. பக்கத்தில் இருக்கும் ஆளைச் சுட்டும் 'உவர்' என்றே சொல்வேன், வந்த இடத்தில் தங்கிவிட்ட சம்பந்தியைச் சொல்வதுபோல. உவர் பந்தாகச் சுருண்டு கிடக்கும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு வகை. சாப்பாடு கிழமைக்கு ஒரு எலி. கடையில் உறையவைத்து விற்கும் எலியை இளகவிட்டு, பையோடு சுடுதண்ணீரில் போட்டுச் சூடாக்கி, நீண்ட இடுக்கியால் பிடித்து முகத்துக்கு முன்னால் ஆட்ட வேண்டும். அந்த எலிகள் எங்கள் ஃப்ரீசரில், ஐஸ்கிரீம் டப்பாவொன்றுக்குள், அறக்குளா மீனுக்குப் பக்கத்தில் கிடந்தன. மனைவி மீன் சமைப்பதையே குறைத்துவிட்டாள்.

குளிர் தொடங்கியதும் உவர் சாப்பாட்டை நிறுத்தினார்.

மகள் தாயோடு ஒவ்வொரு நாளும் பேசுவாள். பாம்பின் அறைக்குள் தாய் கால் வைக்கமாட்டாள் என்பதால் அந்த விஷயத்துக்கு மட்டும் என்னிடம் வரவேண்டியிருந்தது. ஞாயிறு காலையில் போன் அடிக்கும்.

"சாப்பிட்டதோ?"

"இல்லைப் பிள்ளை."

"தண்ணி குடிக்குதோ?"

"குடிக்கிறார்."

"மெலிஞ்சிருக்கோ?"

"அப்பிடித் தெரியேல்லை."

"ஓகே அப்பா. அடுத்த கிழமை எடுக்கிறன்."

அவ்வளவுதான். கால் எப்படி என்று ஒரு சொல் இல்லை. எங்கள் சனத்தில் போனை எடுத்தால் முதலில் கேட்பதே சாப்பிட்டாயோ என்றுதான். அந்தக் கேள்வி இப்போது எனக்கில்லை, பாம்புக்கு. எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் போனைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டுத்தான் தேத்தண்ணி குடிக்கவே உட்காருவேன்.

என் வீட்டில் ஒரு சீவன் சாப்பிடாமல் கிடப்பதை என்னால் தாங்க முடியவில்லை. ஒவ்வொரு நாளும் எலியைச் சூடாக்கிக்கொண்டுபோய் நீட்டினேன். "கொஞ்சம் எண்டாலும் சாப்பிடுமன்" என்று கெஞ்சினேன். உவர் தலையை உள்ளே இழுத்துக்கொள்வார். எலிகள் குப்பைக்குப் போயின. டப்பா முடியப்போகிறது என்று மகளிடம் சொன்னபோது பிடிபட்டேன்.

"அப்பா! ஒவ்வொரு நாளுமோ குடுக்கிறியள்? கலியாண வீட்டிலை பரிமாறுற மாதிரி உதுக்குப் பரிமாறேலாது. பயந்திடும். வின்டரிலை மாசக்கணக்கிலை சாப்பிடாமல் இருக்கும், இட்ஸ் நோர்மல். கண்ணாடியை மூண்டு பக்கமும் துணியாலை மூடிவிடுங்கோ. ஆக்கள் பாத்துக்கொண்டிருந்தால் அதுக்குப் பிடிக்காது."

கொடுப்பதைக் கிழமைக்கு ஒருமுறையாகக் குறைத்தேன். கண்ணாடியை மட்டும் மூடவில்லை. மூடினால் நான் எதைப் பார்ப்பது? ஜன்னலில் எதிர்க் கட்டிடத்தின் பல்கனிகள், அவற்றில் பனி மூடிய சைக்கிள்கள். டிவியில் பார்த்ததையே பார்த்தாயிற்று. அதனால் பெட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். அவரும் வெளியே வரமுடியாது, நானும் வெளியே போகமுடியாது. அவராவது மூலைக்குள் தலையை மறைத்துக்கொள்வார்.

உள்ளதைச் சொன்னால், உவர் சாப்பிடாதது எனக்கு ஒருவகையில் வசதி. சாப்பிடத் தொடங்கிவிட்டால் மகள் எதற்கு எனக்குப் போன் எடுக்கவேண்டும்? செத்துப்போனாலும் அதே கதைதான். இரண்டுக்கும் பயந்தேன். மனைவிக்கு ஒரு பயம்தான்.

"உது இந்த வீட்டுக்குள்ளை செத்துக்கித்துப் போச்செண்டால் நான் இஞ்சை இருக்கமாட்டன், சொல்லிப்போட்டன்" என்பாள். வெள்ளிக்கிழமைகளில் சாமிக்குக் காட்டிய கற்பூரத்தை அந்த அறைக் கதவுக்கும் ஒருமுறை காட்டிவிட்டுப் போவாள்.

பனி கரையத் தொடங்கிய ஒரு ஞாயிறு மகள் வழக்கமான கேள்விகளைக் கேட்கவில்லை.

"அப்பா, சனிக்கிழமை வந்து அதை எடுத்துக்கொண்டு போறன். பாம்பு வளக்கிற ஒராளைத் தெரியும், அவரிட்டைக் குடுக்கப் போறன். உங்களுக்கும் கரைச்சல்தானே."

"எனக்கென்ன கரைச்சல்? நான் சொன்னனானோ?" குரல் ஏறிவிட்டது.

"செத்துப்போயிடும் அப்பா. பிளீஸ்."

போனை வைத்தேன். சனிக்கிழமைக்குப் பிறகு வரும் ஞாயிறுகளை நினைத்துப் பார்த்தேன். எழுந்துபோய் அலுமாரியிலிருந்து நான் இடுப்பில் கட்டும் சாரங்கள் இரண்டை எடுத்து, பெட்டியின் மூன்று பக்கமும் மூடிக் கட்டினேன். அந்தக் கிழமை முழுவதும், தண்ணீர் மாற்றப் போனதைத் தவிர, அறைப்பக்கம் போகவில்லை. ஹோலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தேன். நீலச் சாரம் எங்கே என்று மனைவி கேட்டதற்கு, தோய்க்கப் போட்டிருக்கிறேன் என்றேன்.

சனி காலை எலியை நன்றாகச் சூடாக்கி, மூடாத பக்கத்தால் இடுக்கியை நீட்டினேன். இந்தமுறை கெஞ்சவில்லை. உவருடைய நாக்கு ஒருமுறை வெளியே வந்து போனது. பிறகு இடுக்கி கையிலிருந்து பறந்தது. நான் கதிரையோடு பின்னால் சரியப் பார்த்தேன். உவர் எலியைச் சுற்றி முறுக்கி, அவசரமில்லாமல் தலைப்பக்கமிருந்து விழுங்கினார். ஒரு எலிக்காக நான் அழுதேன். யாரும் பார்க்கவில்லை.

மத்தியானம் மகள் வந்தாள், கையில் துளைபோட்ட பிளாஸ்டிக் பெட்டியோடு. பெடியன் கீழே காரில். இவள் பூட்ஸைக் கழற்றாமல் கால்மிதியிலேயே நின்றாள்.

"இப்பத்தான் விழுங்கினவர்," என்றேன். "தூக்கேலாது."

அவள் நம்பவில்லை. பூட்ஸைக் கழற்றிவிட்டு அறைக்குள் போனாள். ஊன்றுகோலைத் தட்டித்தட்டி நானும் பின்னால் போனேன். சாரத்தின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். உடம்பின் நடுவில் வீக்கம் தெளிவாகத் தெரிந்தது.

"ரெண்டு நாளைக்கு அசைக்கக் கூடாது," என்றாள், எனக்குத் தெரியாததுபோல. "அசைச்சால் கக்கிப்போடும்."

"தெரியும்."

கொண்டுவந்த பெட்டியைத் தன் பழைய கட்டிலின் கீழே தள்ளினாள். என் காலை ஒருமுறை பார்த்தாள்.

"அப்ப திங்கள் வாறன்."

"எடுக்கவோ?"

அவள் சாரத்தை இழுத்துக் கண்ணாடியைத் திரும்ப மூடினாள்.

"பாக்க," என்றாள்.