காதுக்குத் தெரிந்த கை

1989-ஆம் வருடம், ரங்கூனில் மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஆடி மாதம். நான் இருபத்தொன்பது வயதுப் பெண். தந்தி அலுவலகத்தில் வயர்லெஸ் ஆபரேட்டராக ஏழு வருட சர்வீஸ். முந்தின வருடம் ஊரே தெருவில் இறங்கியதும், ராணுவம் சுட்டு அடக்கியதும் எல்லோருக்கும் தெரியும். அதன்பிறகு நாங்கள் டீக்கடையில்கூட மழையைப் பற்றி மட்டும்தான் பேசினோம்.

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். மேஜைமேல் ஒரு சின்னக் கட்டை இருக்கும், 'கீ' என்போம். விரலால் தட்டினால் குட்டை ஒலி, அழுத்திப் பிடித்தால் நெட்டை ஒலி. இந்த இரண்டையும் கோத்துத்தான் எழுத்தும் எண்ணும். வெளியூர் அலுவலகத்தில் ஒருவர் தட்டுவார், நான் ஹெட்போனில் கேட்டு எழுதுவேன். யார் தட்டினாலும் ஒன்றுதானே என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. முதுகைப் பார்த்தே 'நம்ம சித்தப்பா போறாரு' என்று நடையை வைத்துச் சொல்கிறோம் அல்லவா, அதுபோல ஒவ்வொரு கைக்கும் ஒரு சாயல் உண்டு. நாள்பட்ட காது அதைப் பிடித்துவிடும். என் காது அலுவலகத்திலேயே பெயர்போன காது. எனக்கு அதில் தலைக்கனமும் இருந்தது.

இன்னொரு வழக்கம். ஒவ்வொரு ஆபரேட்டருக்கும் இரண்டெழுத்தில் ஒரு குறி இருக்கும். மறுமுனையில் யார் என்று சந்தேகம் வந்தால் 'உங்கள் குறி என்ன?' என்று கேட்க வேண்டும் என்பது விதி. ஆனால் பழகிய ஆளிடம் யாரும் கேட்க மாட்டோம். கேட்டால், கூடப் படித்தவனைப் பார்த்து 'நீங்கள் யார்?' என்று கேட்டதுபோல ஆகிவிடும்.

டெல்டாப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு பர்மாக்கார ஆபரேட்டர் இருந்தார். ஊர்ப் பெயரை எழுத இன்றும் எனக்குக் கை வரவில்லை. ஏழு வருடமும் காலையில் என் முதல் வேலை அவரோடுதான். நேரில் ஒருநாளும் பார்த்ததில்லை. கறுப்பா சிவப்பா தெரியாது. ஆனால் ஐந்து என்ற எண்ணுக்கு ஐந்து குட்டை ஒலி தட்ட வேண்டும், அவர் கடைசித் தட்டை மட்டும் லேசாகத் தாமதிப்பார், படியில் கால் இடறியவர்போல. ஒருமுறை நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, டைபாய்டு வந்து நான் மூன்று நாள் லீவு எடுத்துத் திரும்பினேன். நான் சொல்லாமலே, வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று தட்டிக் கேட்டார். என் கை சோர்ந்திருந்ததாம்.

அந்த ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை என்னை மாடிக்குக் கூப்பிட்டார்கள். என்னோடு வேலை பார்த்த பாயையும் கூப்பிட்டிருந்தார்கள். பாய் எங்களைப் போலத் தமிழ்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதிகம் பேசமாட்டார். அறையில் சாதாரணச் சட்டையும் லுஞ்ஜியும் போட்ட ஒரு உளவுத்துறை அதிகாரி இருந்தார். பக்கத்தில் ஒரு ராணுவ சிக்னல்காரர், கேட்கும் கருவியோடு. அதிகாரி எங்களுக்கு டீ வரவழைத்தார். அந்த மரியாதையே எனக்குக் கிலி பிடிக்க வைத்தது.

யாரோ கள்ள வயர்லெஸ் வைத்து, தினமும் பத்து மணிக்கு எல்லைக்கு அப்பால் செய்தி அனுப்புகிறார்கள் என்றார். ராணுவம் யார் யாரைப் பிடித்துக்கொண்டு போனது என்ற செய்தி. எண்ணாக மாற்றி அனுப்புவதால் படிக்க முடியவில்லை. டெல்டாப் பக்கம் என்பதுவரை கண்டுபிடித்துவிட்டார்கள். தட்டுகிற கை பழகிய கை என்பதால் தந்தி ஆபரேட்டராக இருக்கலாம் என்று சந்தேகம். கேட்டு எழுதுங்கள், கை தெரிந்தால் சொல்லுங்கள், அவ்வளவுதான் என்றார். எல்லாம் பர்மியத்தில், மெதுவான குரலில். நாங்கள் அவரை 'ஸயா', அதாவது ஐயா, என்றோம்.

பத்து மணிக்கு அந்த ஒலி வந்தது. மூன்றாவது வரியில் ஒரு ஐந்து. கடைசித் தட்டு இடறியது.

தப்பாக எழுதவும் வழியில்லை, பக்கத்தில் பாயும் சிக்னல்காரரும் அதையேதான் எழுதிக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் அதிகாரி கேட்டார். இரைச்சலாக இருக்கிறது, இன்னொருமுறை கேட்க வேண்டும் என்றேன். பாய் தெரியவில்லை என்று தலையசைத்தார். கிளம்பும்போது அதிகாரி என்னிடம், உங்கள் அப்பாவின் அட்டை விஷயம் என் காதுக்கு வந்தது, உதவி செய்தால் உதவி கிடைக்கும் என்றார்.

நைனா ரங்கூனிலேயே பிறந்து துறைமுகத்தில் உழைத்தவர். ஆனாலும் வெளிநாட்டவர் அட்டைதான். ஊரைவிட்டு எங்கே போனாலும் அனுமதி வாங்க வேண்டும். பக்கத்து ஊரான மாவ்பியில் அவருடைய அக்கா இறந்தபோது அனுமதி முத்திரை வருவதற்குள் அடக்கமே முடிந்துவிட்டது. அதற்குப்பின் அவர் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. அன்று சாப்பாடு பரிமாறும்போது அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெயரைச் சொன்னால் இந்த மனிதர் நினைத்த இடத்துக்குப் பஸ் ஏறலாம். சொல்லாமல் விட்டுப் பின்னால் தெரிந்தால் இருவருமே கதி கலங்கிப்போவோம். உண்மையைச் சொல்கிறேன், படுக்கும்போது நான் பாதி முடிவு எடுத்திருந்தேன்.

புதன்கிழமை மறுபடியும் கேட்டோம். மறுபடியும் அதே ஐந்து. இன்றும் இரைச்சல்தான் என்றேன். அதிகாரி கோபப்படவில்லை. சிரித்தார்.

"இந்த அலுவலகத்திலேயே நல்ல காது உங்களுடையது என்றார்கள். யாரோ உங்களை அதிகமாகப் புகழ்ந்துவிட்டார்கள்போல."

பயத்துக்கு நடுவில் இந்தப் பாழாய்ப்போன ரோஷம் எங்கிருந்து வந்ததோ. "இல்லை, ஸயா. இது எங்கள் லைனில் கேட்ட கைதான்" என்று சொல்லிவிட்டேன். வாயை மூடுவதற்குள் சொல்லி முடித்தாயிற்று. யார் என்றார். பிடிபடவில்லை என்று மழுப்பினேன். பக்கத்தில் பாயின் பென்சில் நின்றது. அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதிகாரிக்கு அது போதும். டெல்டாவில் எட்டு அலுவலகங்கள். நாளை ஒவ்வொன்றையும் வழக்கம்போலக் கூப்பிட்டு, ஒரு சோதனைச் செய்தியை அனுப்பச் சொல்லி, எந்தக் கை என்று கண்டுபிடிக்கலாம் என்றார். கீயில் நான்தான் உட்கார வேண்டும். என் வாய்க்கொழுப்பால் ஒரு மனிதரைத் தூக்குக் கயிறுவரை கொண்டுவந்து விட்டேன்.

எங்கள் பேட்டையான போட்டடாங்கில் பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்குப் போகாமல் குடையோடு நின்றேன். எப்படி எச்சரிப்பது? ஊருக்குப் போன் போட்டால் ஒட்டுக் கேட்பார்கள். கீயில் ஒரு எழுத்து கூடுதலாகத் தட்டினாலும் சிக்னல்காரர் படித்துவிடுவார். விதியில் இருப்பதை மட்டுமே தட்டலாம். அப்படி யோசிக்கும்போதுதான் விதியில் இருக்கிற அந்தக் குறிக் கேள்வி நினைவுக்கு வந்தது. பழகியவரிடம் அதைக் கேட்டால் ஏதோ சரியில்லை என்று அவருக்குத் தோன்றலாம்.

வியாழக்கிழமை காலை. சிக்னல்காரர் எனக்கு வலப்பக்கம், பாய் இடப்பக்கம், அதிகாரி முதுகுக்குப் பின்னால். அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. முதல் அலுவலகத்தைக் கூப்பிட்டதும் 'உங்கள் குறி என்ன?' என்று தட்டினேன். அவரிடம் மட்டும் கேட்டால் சந்தேகம் வரும், ஆகவே எல்லோரிடமும் கேட்டேன். மூன்றாவது ஊரில் ஒரு பெண், நாங்கள் தினமும் வம்பளப்பவர்கள், 'காது போய்விட்டதா?' என்று திருப்பித் தட்டினாள். சிக்னல்காரர் படித்துவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். ரவிக்கை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

ஆறாவது அவர் ஊர். கூப்பிட்டதும் பதில் வந்தது, வழக்கமான சுறுசுறுப்போடு. நான் தட்டினேன்: உங்கள் குறி என்ன?

சத்தமே இல்லை. ஹெட்போனில் மழை இரைச்சல் மட்டும். ஏழு வருடம் பழகியவள், சோர்ந்த கையை வைத்து வீட்டு நோயைக் கேட்டவரிடம், நீ யார் என்று கேட்கிறேன். புரிந்துகொள்ளுங்கள் என்று மனதுக்குள் மன்றாடினேன். கோபித்துக்கொண்டு பழையபடி நாலு வார்த்தை தட்டிவிட்டால் அவரும் முடிந்தார், நானும் முடிந்தேன். அதிகாரி ஒரு அடி முன்னால் வந்து நின்றார்.

பிறகு குறி வந்தது. இரண்டே எழுத்து, அளந்து வைத்ததுபோல. நான் சோதனைச் செய்தியைக் கேட்டேன். அவர் தட்டினார். யாரோ ஒருவர் தட்டுவதுபோல இருந்தது. மெதுவாக, மரக்கட்டையாக, இடதுகையால் தட்டினாரோ என்னவோ. செய்தியில் மூன்று ஐந்துகள் இருந்தன. மூன்றும் நேராக வந்து நின்றன. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, இருமி மறைத்தேன்.

"இதுவா?" என்றார் அதிகாரி.

"இது இல்லை, ஸயா."

அவர் பாயைப் பார்த்தார். பாயும் இல்லை என்று தலையசைத்தார். மீதி இரண்டு ஊரும் முடிந்தன. மறுநாள் பத்து மணிக்குக் கள்ள வயர்லெஸ் பேசவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை.

பத்து நாள் கழித்து அதிகாரி மறுபடியும் வந்தார். இந்தமுறை டீ இல்லை. அந்த ஆறாவது ஊர் ஆபரேட்டர் லீவு போட்டுவிட்டுப் போனவர் திரும்பவில்லை, வீடும் காலி. இருபது வருடம் சர்வீஸ் உள்ளவர் அன்று ஏன் கத்துக்குட்டிபோலத் தட்டினார், அது உங்களுக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று கேட்டார். மழையில் லைன் மோசம், சோதனை என்பதால் நிதானமாகத் தட்டியிருப்பார் என்றேன். கேட்டதையே கேட்டார். நான் சொன்னதையே சொன்னேன். வெளியே வந்தபோது வராந்தா பெஞ்சில் பாய் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பேசவிடாமல் அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. பழகியவர்களிடம் நாங்கள் குறி கேட்பதில்லை என்று பாய் சொல்லிவிடுவார், சொல்லிவிடுவார் என்றே காத்திருந்தேன். வெளியே வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான் தெரியும் எனக்கு. அன்றுமுதல் யாராவது வீட்டுக் கதவைத் தட்டினால் நைனாதான் போய்த் திறப்பார், நான் சமையலறையில் நின்றுகொண்டிருப்பேன். யாரும் வரவில்லை. பாய் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டார், என்னைப் பின்தொடர ஆள் போட்டிருக்கிறார்கள் என்று நம்பினேன். அவர் டியூட்டியில் இருந்தால் நான் மாற்றிக்கொள்வேன். அவர் வைத்த பலகாரத்தைத் தொடமாட்டேன். இப்படியே ஏழு வருடம் ஓடியது. நைனாவின் அட்டை மாறவில்லை, அந்த அட்டையோடுதான் போய்ச் சேர்ந்தார்.

பாய் மகளோடு இருக்க மலேசியாவுக்குக் கிளம்பினார். வேலையில் கடைசி நாள், மத்தியானம், கேன்டீனில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். மற்றவர்கள் எழுந்து போனபிறகு என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"தங்கச்சி, அந்தக் கையை எனக்கும் தெரியும். உங்க லீவு நாள்ல எல்லாம் அந்த லைன்ல நான்தான உக்காருவேன்" என்றார். "செவ்வாய்க்கிழமையே கண்டுபிடிச்சிட்டேன்."

பிறகு ஏன் ஒரு வார்த்தை என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் டீ கிளாஸைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"உங்களுக்குப் பயந்துதான். நம்ம லைன்ல கேட்ட கைன்னு நீங்க சொன்னப்போ பக்கத்துல நான்தான இருந்தேன். கடைசியா உள்ள கூப்பிட்டப்போ, நீங்க எல்லாத்தையும் சொல்லிட்டு வந்திருப்பீங்கன்னுதான் நெனச்சேன். தெரியாதுன்னு சொன்னா நான் மாட்டிக்குவேன்னும் தெரியும். என்ன பண்றது, அந்த ஆளைச் சொல்ல வாய் வரலை."

நான் அழுதுவிட்டேன். "யபாடே, யபாடே" என்று பர்மியத்தில் பரவாயில்லை சொல்லிவிட்டு எழுந்து போனார். அந்த டெல்டா ஆபரேட்டர் எங்கே போனார், இருக்கிறாரா என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது.

இத்தனை வருடமும் அந்த மனிதரைக் காப்பாற்றியவள் நான் ஒருத்திதான் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வைத்திருந்தேன். நான் உள்ளே போனபோது என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்காவது தெரியும். நான் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று நம்பிக்கொண்டே உள்ளே போய், தெரியாது என்று சொன்னவர் பாய். அவரை ஆள்காட்டி என்று நினைத்து ஏழு வருடம் ஒதுங்கினேன், அவரும் என்னை அப்படித்தான் நினைத்தார். என் நினைப்பு முழுப் பொய், அவர் நினைப்பில் பாதி உண்மை, ரோஷத்தில் நான் உளறிய அந்தப் பாதி இன்றும் என்னை யார்மேலும் சட்டென்று சந்தேகப்பட விடுவதில்லை.