ஜெபத்துக்கு நிறுத்திய கமரா

“அம்மா எப்பிடிக் கதைக்கிறவ எண்டு எனக்கு மறந்துகொண்டு போகுது” என்று என் மனைவி ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் இருந்து சொன்னாள். அழுதுகொண்டு சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். சும்மா, கறிக்கு உப்புக் குறைவு என்பதுபோலச் சொன்னாள். மாமி இறந்து பல வருடங்கள். எல்லாரும் கைத்தொலைபேசியில் எல்லாவற்றையும் பதிந்து வைக்கும் காலத்துக்கு முன்பே போய்விட்டவர். முகத்துக்குப் படங்கள் இருக்கின்றன. குரலுக்கு ஒன்றும் இல்லை.

“அதுக்கென்ன, கசற் எல்லாம் கிடக்குத்தானே? ஒரு கிழமையிலை கேக்கலாம்” என்றேன். வாக்குக் கொடுப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

கனடாவில் இருக்கும் மனைவியின் அண்ணை, சண்டை ஓய்ந்து யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்திருந்த காலத்தில் ஒருவரிடம் கொடுத்தனுப்பிய வீடியோக் கமரா எங்களிடம் இருந்தது. வீட்டு விசேஷங்களைப் பிடித்து, பிரதி எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார். படப்பிடிப்பாளர் பதவிக்கு வேறு யாரும் போட்டியிடாததால் அது எனக்குக் கிடைத்தது. மூலக் கசற்றுகள் பதினொன்று, அலுமாரியின் மேல்தட்டில் பிஸ்கற் ரின்னுக்குள் கிடந்தன.

கமராவையும் கணினியையும் இணைக்கும் சின்னக் கருவி ஒன்றை யாழ்ப்பாணத்துக்குப் போய் வாங்கிவந்தேன். மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று வயர்கள். மூன்று நிறத்தில் மூன்று துளைகள். முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன் வெள்ளையை மஞ்சளில் செருகிவிட்டு, கமரா பழுது என்று அரைநாள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். பிறகு மனைவி வந்து நிறத்துக்கு நிறம் மாற்றிக் குத்திவிட்டுப் போனாள்.

ஒரு மணித்தியாலக் கசற் கணினிக்குள் போக ஒரு மணித்தியாலம் வேண்டும். அவசரப்படுத்த வழியில்லை. பக்கத்தில் இருந்து பார்க்கத்தான் வேண்டும். பார்த்தோம். கேட்டோம். கேட்டது பெரும்பாலும் என் குரலை.

“அங்காலை தள்ளி நில்லுங்கோ.” “கேக்கைப் பாருங்கோ.” “கதையாதேங்கோ, பிறகு பாட்டுப் போடுறது.” ஒவ்வொரு விசேஷத்திலும் நான் குடும்பத்தை அதட்டிக்கொண்டிருந்தேன். மாமியோ வீடியோ என்றாலும் புகைப்படத்துக்கு நிற்பதுபோலக் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கண் வெட்டாமல் நின்றார். நான் சொன்னதைக் கேட்டு வாயே திறக்கவில்லை. அவர் சொல்வழி கேட்பவர் என்பதை அன்றைக்குப் பெருமையாக நினைத்திருக்கிறேன்.

மாமி நிறையக் கதைப்பது ஆண்டவரோடுதான். பண்டத்தரிப்பில் இருந்த அவருடைய வீட்டில் எந்தக் கூட்டமானாலும் கேக் வெட்ட முதல் அவர்தான் ஜெபிப்பார். நீளமான ஜெபம், உறவுக்காரர் ஒருவரையும் விடமாட்டார். எங்கள் வீடுகளில் ஜெபம் தொடங்கினால் எல்லாரும் கண்ணை மூட வேண்டும். படம் பிடிப்பது மரியாதையில்லை. கண்ணைத் திறந்துகொண்டு நிற்பவனை மாமி கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்துவிடுவார். தவிர, கண்மூடி நிற்கிறவர்களைப் பிடித்து என்ன பயன்? கசற்றும் வீண், பற்றறியும் வீண். ஆகவே மாமி வாய் திறந்ததும் நான் பட்டனை அழுத்தி, கமராவைக் கீழே இறக்கிவிடுவேன்.

அதன் விளைவைக் கணினியில் பார்த்தோம். “ஜெபிப்...” என்று மாமி தொடங்குகிறார். உடனே கேக் வெட்டுகிறார்கள். அடுத்த கசற்: “ஜெபிப்...” பிறகு சாப்பாட்டு மேசை. பதினொரு கசற்றிலும் இந்த அரைச் சொல்தான். மனைவி முதலில் சிரித்தாள். ஐந்தாவதோடு சிரிப்பு நின்றுவிட்டது. பதினோராவது முடிந்ததும், “சரி விடுங்கோ, நீங்கள் என்ன செய்யிறது” என்று எழுந்து போய்விட்டாள். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இங்கேதான் பன்னிரண்டாவது கசற் வருகிறது.

மாமியின் எழுபதாவது பிறந்தநாள் ஸ்தோத்திரக் கூட்டத்தைப் பிடித்த கசற் அது. கனடாவில் இருந்த மகனுக்கு வரக் கிடைக்கவில்லை, அவருக்காகவே பிடித்தேன். வெள்ளெழுத்து வந்தும் கண்ணாடி போடமாட்டேன் என்று நான் வீறாப்பாகத் திரிந்த காலம். கமராக் கண்ணுக்குள் ‘பதிவாகிறது’ என்று தெரியும் சின்னச் சிவப்பெழுத்தை நான் பார்க்கவில்லை. தொடக்கத்திலேயே பட்டனை ஒருதரம் கூடுதலாக அழுத்திவிட்டேன். அதோடு எல்லாம் தலைகீழ். நான் பிடிப்பதாக நினைத்ததெல்லாம் பதியவில்லை. நிறுத்தியதாக நினைத்ததெல்லாம் பதிந்தது. மனைவி அன்றிரவு தாயோடு தங்க, நான் தனியாக வீட்டுக்கு வந்து கமராக் கண்ணுக்குள் ஓட்டிப் பார்த்தால் நிலம், செருப்புகள், சேலைக் கரை, என் பெருவிரல். அந்தக் கமராவில் தனியாகச் சத்தம் கேட்க வசதியில்லை. படம்தான் பார்த்தேன். பார்த்தவரை போதும் என்று மூடிவிட்டேன்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, “வாற வழியிலை சோதனைச் சாவடியிலை ஆமிக்காரங்கள் கசற்றைப் பறிச்சுப்போட்டாங்கள்” என்று. அந்த நாளில் இந்த ஊரில் இதைவிடச் சுலபமான பொய் கிடையாது. யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். ஆட்கள் வந்து என்னைத் தேற்றினார்கள். நானும் வருடத்துக்கு வருடம் கதைக்குச் சதை வைத்தேன். முதலில் ஒருவன் மறித்தான், பிறகு மூன்று பேர், கடைசியில் துவக்கை நீட்டினார்கள். மாமி மட்டும் ஒருதரம் கேட்டார்: “கமராவை விட்டிட்டுக் கசற்றை மட்டுமோ தம்பி எடுத்தவங்கள்?” நான் இருமினேன். அவர் பிறகு கேட்கவில்லை.

கசற் இருபது வருடமாக என் பழைய வயர்ப் பெட்டிக்குள் கிடந்தது. நிறுத்தியதெல்லாம் பதிந்த கசற் அது என்பது, மனைவி எழுந்து போன பிறகுதான் என் விஞ்ஞான மூளைக்கு எட்டியது. ஜெபத்துக்கும் நிறுத்தினேன் அல்லவா?

ஞாயிறு காலை அவள் கோயிலுக்குப் போனதும் களவாக அதை எடுத்துப் போட்டேன். குரலை மட்டும் வெட்டி, வேறு கசற்றின் கடைசியில் கிடந்ததாகச் சொல்லிவிடலாம் என்பது திட்டம். ஓரங்களில் பூஞ்சணம், படம் நடுங்கியது. செருப்புகள் வந்தன. பிறகு, “அன்புள்ள பரம பிதாவே” என்று மாமி தொடங்கினார். முழுச் சொல்லாக. என் கை தானாக நிறுத்திவிட்டது. அதை அவளுக்கு முன் நான் கேட்பது களவிலும் களவு என்று பட்டது. வெட்கம் வந்தது; அதைவிடப் பயம் வந்தது.

அவள் வந்ததும், “இஞ்சை வாரும், ஒரு கதை சொல்லவேணும்” என்றேன். சாவடி, மூன்று பேர், துவக்கு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திருப்பி வாங்கினேன். கோயில் சேலையோடு நின்றே கேட்டாள். “இருவது வருசம்” என்றாள். “அண்ணை இப்பவும் அதைச் சொல்லிக் கவலைப்படுறவர், தெரியுமோ?” எனக்குத் தெரியும். கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். “போடுங்கோ.”

திரையில் நிலமும் எங்கள் எல்லாருடைய கால்களும். அதன்மேல் மாமியின் குரல். எழுபது வயது மட்டும் நடத்தி வந்ததற்கு நன்றி சொன்னார். உரும்பிராயில் வாழப்போன மகளின் கைவலி சுகப்பட வேண்டும் என்றார். அந்த மகள் கணினிக்கு முன்னால் தன் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என் முறை வந்தது.

“கனடாவிலை இருக்கிற என்ரை பிள்ளை காணவேணுமெண்டு எங்கடை மருமகன் படம் பிடிக்கிறார். படம் நல்லா வரக் கிருபை செய்யும் ஆண்டவரே. அவருக்குக் கண் கொஞ்சம் மங்கல். கண்ணாடி போடச் சொன்னால் கோவம் வருது. நீர்தான் அவரோடை கதைக்கவேணும்.”

கசற்றில் யாரோ சிரிப்பை அடக்கும் சத்தம். இங்கே மனைவி அடக்கவில்லை. கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். அன்று நானும் அதே இடத்தில்தான் கண்மூடி நின்றிருக்கிறேன். இதில் ஒரு சொல்லும் எனக்கு நினைவில்லை. பற்றறி போதுமா என்று யோசித்துக்கொண்டிருந்திருப்பேன்.

“இதை அண்ணைக்கு அனுப்புங்கோ. ஒண்டும் வெட்டாதேங்கோ. நீங்கள் சொன்ன பொய்யையும் நீங்களே எழுதிப்போடுங்கோ” என்றாள். ஓம் என்றேன்.

ஜெபம் முடியப்போகிறது என்று அன்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கேக் வெட்டுவதைத் தவறவிடக் கூடாது என்ற அவசரத்தில் பட்டனை அழுத்தியிருக்கிறேன். “இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே, ஆமெ...” என்று மாமி சொல்ல, திரை கறுத்துப்போனது.

மனைவி கண்ணை மூடிக்கொண்டு மிச்சத்தைச் சொன்னாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி நானும் சொன்னேன்.