தண்ணீர் ஊற்றக் கூடாத கக்கூஸ்

எல்கடுவ தேயிலைத் தோட்டத்தின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, மாத்தளை டவுனில் படித்து, நாலு வார்த்தை இங்கிலீஷ் தெரிந்துகொண்டதால் என்னை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். வெளிநாட்டுக் காசில் எங்கள் தோட்டத்து லயங்களுக்குக் கக்கூஸ் கட்டப் போகிறார்களாம். என் அக்கா அப்போது அங்கேதான் இருந்தாள், நாலு மாத வயிற்றோடு. லயத்துப் பெண்கள் விடியும் முன்பே தேயிலைக்குள் போய்வர வேண்டும். சண்டைக் காலம், டார்ச் அடித்தால் ஆமிக்காரன் யாரென்று கேட்பான் என்று இருட்டிலேயே போவார்கள். மழைத்தண்ணீர் ஓட வெட்டிய கானில் கால் வழுக்கும். பிள்ளை பிறக்கும் முன் அக்காவுக்குக் கதவு வைத்த ஒரு கக்கூஸ் வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விடும் பிள்ளைக்காம்பராவுக்கு முன்னால் கூட்டம். தோட்டத்து மேனேஜர் தொரையும் வந்திருந்தார். வெள்ளைக்காரர் ஒருவர் மழையே காணாத நாடுகளின் படங்களைக் காட்டினார். அங்கெல்லாம் இது நன்றாக நடக்கிறதாம். போனபின் ஒரு சிரட்டை சாம்பல் போட்டால் போதும், வருஷம் கழித்து உரமாகிவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே விழக் கூடாது. அப்படியே தமிழில் சொன்னேன். "சரிங்க தொரை," என்றது கூட்டம். தொரை நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்போது எங்கள் ஆட்கள் வேறெதுவும் சொல்ல மாட்டார்கள்.

ஏதும் கஷ்டம் இருக்குமா என்று பெண்களிடம் கேட்கச் சொன்னார் வெள்ளைக்காரர். பெண்கள் தரையைப் பார்த்தார்கள். எனக்குத் தெரியும். தண்ணீர் விட்டுக் கழுவாமல் எங்களில் யார் எழுந்து வருவார்கள்? இத்தனை ஆம்பளைகள் முன்னால் அதை எப்படிச் சொல்வது என்று வெட்கப்பட்டு, ஒரு கஷ்டமும் இல்லையாம் என்று சொல்லிவிட்டேன்.

கட்டினார்கள். எல்லாரும் வழக்கம்போல டின்னில் தண்ணீர் கொண்டுபோனார்கள். ஒரே மாதத்தில் உள்ளே எல்லாம் சேறாகி, குடிதண்ணீர் பிடிக்கும் பீலி வரை கசிந்தது. தோட்ட நிர்வாகம் கக்கூஸ்களுக்குப் பூட்டுப் போட்டது. அந்த வாரமே அக்கா தேயிலைக்குள் கானில் விழுந்தாள். பிள்ளை தங்கவில்லை.

இந்த மக்களுக்குச் சுகாதாரப் பழக்கம் போதாது என்று அறிக்கை எழுதி, அதையும் தமிழாக்க என்னிடமே தந்தார்கள். கடதாசியில் துடைக்கிறவன் கழுவுகிறவளைப் பார்த்துச் சொல்கிறான், சுத்தம் போதாதென்று. அதையும் அப்படியே மொழிபெயர்த்துக் கொடுத்தேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அவர்கள் மேலும், என் மேலும்.

சில வருஷம் கழித்துப் பயிற்சிக்கென்று அந்தத் திட்டக்காரர்களே என்னைத் தமிழ்நாட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு கிராமத்தில் அதே கக்கூஸ், அதே சாம்பல். பக்கத்தில் கழுவுவதற்கு மட்டும் தனியாக ஒரு பள்ளம். அந்தத் தண்ணீர் வாழைக்குப் போகிறது. யார் யோசனை என்று கொத்தனாரிடம் கேட்டேன்.

"எங்க பொம்பளைங்கதான். கழுவுறது எங்கன்னு மொத நாளே கேட்டுட்டாங்க."

ஊருக்கு வந்து அதை அக்காவிடம் சொன்னேன்.

"நாங்க தொரைக்குப் பயந்து நின்னோம். நீயாவது கேட்டிருக்கலாம்," என்றாள். தண்ணீர் டின்னை எடுத்துக்கொண்டு தேயிலைக்குள் இறங்கிப் போனாள்.