நடுவர் அறையில் சொன்ன ஒரு வாக்கியம்

அந்தப் பிற்பகல் நடுவர் அறையில் நான்கு பேர் இருந்தோம். மூன்று பேர் நடுவர்கள். நான்காவது ஆள் நான், மொழிபெயர்ப்பாளர். எங்கள் ஊரில் நடக்கும் சர்வதேசத் திரைப்பட விழாவின் சிறந்த படத்தை ஐந்து மணிக்குள் முடிவு செய்தாக வேண்டும். ஆறரைக்குக் கடற்கரைச் சாலை மேடையில் அறிவிப்பு.

குழுவின் தலைவி பாரிசிலிருந்து வந்த இயக்குநர், எழுபதைத் தாண்டியவர். அடுத்தவர் செனகல் நாட்டு ஒளிப்பதிவாளர். இருவரும் பிரெஞ்சில் பேசினார்கள். மூன்றாமவர் சென்னையிலிருந்து வந்த திரைக்கதை ஆசிரியர். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. இரண்டு பக்கத்துக்கும் நடுவே பேச்சைக் கொண்டுபோய்க் கொண்டுவருவதுதான் என் வேலை. சாரம் பகுதியில் எங்கள் வீட்டு மாடியில் பிரெஞ்சு டியூஷன் எடுக்கிறவள் நான். விழா வேலையில் எனக்கு அது மூன்றாவது வருடம்.

இரண்டு படங்கள் மிஞ்சியிருந்தன. ஒன்று துனிசியப் படம். மற்றது எங்கள் ஊர் உழவர்கரையைச் சேர்ந்த ஒரு பெண் எடுத்த முதல் படம். மில் மூடிய பிறகு கணவனையும் இழந்த ஒருத்தி, கடற்கரைப் பக்கத்து விடுதி ஒன்றில் படுக்கை விரிப்பு மாற்றும் வேலைக்குப் போகிறாள். அவ்வளவுதான் கதை. என் அப்பாவும் மில்லில் இருந்தவர். மில் மூடியதும் அம்மா அப்படியொரு வேலைக்குத்தான் போனார். குறிப்பெடுக்க நோட்டோடு படத்துக்கு உட்கார்ந்தவள், பாதியிலேயே பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

தலைவி துனிசியப் படத்தின் பக்கம் இருந்தார். சென்னைக்காரர் எங்கள் ஊர்ப் படத்துக்காக வெகுநேரம் பேசினார். நான் அவ்வளவு நன்றாக என்றைக்கும் மொழிபெயர்த்ததில்லை. அவர் தமிழ் தடுமாறிய இடத்தில்கூட என் பிரெஞ்சு தடுமாறவில்லை. அது தப்பு என்று அப்போதே எனக்குத் தெரியும். செனகல்காரர் கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பக்கம் சாய்ந்தார்.

தலைவி குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டே, படத்தின் கடைசிப் பகுதி மட்டும் வேறு யாரோ எழுதியது போல இருக்கிறது என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன். சென்னைக்காரர் லேசாகச் சிரித்தார். என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"இந்தம்மா சரியாத்தான் புடிச்சிருக்காங்க. அந்தக் கடைசி இருபது நிமிஷம் நான் எழுதிக் குடுத்தது. அத நீ சொல்லவேணாம்."

போட்டியில் உள்ள எந்தப் படத்தோடும் தனக்குத் தொடர்பில்லை என்று முதல் நாள் காலை அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்தத் தாளை வரிவரியாக அவருக்குத் தமிழில் படித்துக் காட்டியவளே நான்தான்.

என்ன சொன்னார் என்று தலைவி கேட்டார்.

ஏதோ பாராட்டினார் என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அந்தப் படம் ஜெயித்திருக்கும்.

"நீங்களே சொல்லிடுங்க சார். நீங்க சொல்றத நான் அப்படியே சொல்லிடுறேன்."

"நீ எந்த ஊரும்மா?"

"இதே ஊருதான் சார்."

"அப்பறம் என்ன? உங்க ஊருப் பொண்ணுதான அது."

தலைவி பேனாவைக் கீழே வைத்தார். செனகல்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

நான் பிரெஞ்சில் சொன்னேன். சொல்லவேண்டாம் என்று அவர் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். பிறகு அவர்களிடம் என்ன சொன்னேன் என்பதை அவரிடம் தமிழில் சொன்னேன். அதுவும் என் வேலைதான்.

அவர் மறுக்கவில்லை. ஒரு பயிலரங்கில் அந்தப் பெண்ணைச் சந்தித்ததாகவும், கதை பிடித்துப்போய்த் தானாகவே எழுதிக் கொடுத்ததாகவும் சொன்னார். அந்தப் பெண் கேட்கவே இல்லை என்று இரண்டு முறை சொன்னார். இரண்டு முறையும் மொழிபெயர்த்தேன். தலைவி அவரை விலகிக்கொள்ளச் சொன்னார். எழுந்து போகும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. படத்தைப் போட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். பரிசு துனிசியப் படத்துக்குப் போனது.

மேடையில் காரணம் எதையும் சொல்லவில்லை. அதுதான் வினையாகிவிட்டது. பிரெஞ்சுக்காரி நம் படத்தை ஒதுக்கிவிட்டாள் என்று வாட்ஸப்பில் பரவி, மறுநாள் அரங்கு வாசலில் கூட்டம் கூடிக் கோஷம் போட்டது. அடுத்த வாரம் உண்மை எப்படியோ வெளியே வந்தது. ஏச்சு என் பக்கம் திரும்பியது. நான்தான் வெளியே சொன்னேனா என்று விழா அலுவலகத்தில் விசாரித்தார்கள். இல்லை என்றேன். நம்பினார்களா தெரியாது, மறு வருடம் கூப்பிடவில்லை. ஒரு மாணவியின் அப்பா, சொந்த ஊர்ப் பெண்ணையே காட்டிக்கொடுத்தவளிடம் என் பிள்ளை படிக்க வேண்டாம் என்று டியூஷனை நிறுத்திவிட்டார். நான் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்த ஒரு மதியம் அம்மா சொன்னார்: "சொல்லாம வந்திருந்தாலும் நீ இப்படித்தான் சோறு எறங்காம உக்காந்திருப்ப."

ஒரு மாதம் கழித்து ஒரு காலையில் அந்த உழவர்கரை இயக்குநர் ஸ்கூட்டியில் என் வீடு தேடி வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"நீங்க வாயத் தொறக்கலன்னா எனக்குக் கெடைச்சிருக்கும், இல்லக்கா?"

"கெடைச்சிருக்கும்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். "நடுவர் லிஸ்ட்ல அவரு பேரப் பாத்தப்பவே நான் போய்ச் சொல்லியிருக்கணும். சொல்லல. போட்டியிலேருந்து படத்த எடுத்துடுவாங்கன்னு பயம்."

நடுவர் அறையில் சென்னைக்காரர் தடுமாறிய இடங்களை நான் பிரெஞ்சில் நிரவிக்கொடுத்ததை அவளிடம் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தாள். விழாவுக்காக அவசரத்தில் போட்ட பிரெஞ்சு சப்டைட்டில் சகிக்கவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்களாம். திரைக்கதையில் இப்போது சென்னைக்காரர் பெயரையும் போட்டுவிட்டாளாம். வெளிநாட்டு விழாக்களுக்கு அனுப்ப வேண்டும், திருத்தித் தருவீர்களா என்று கேட்டாள்.

உடனே உட்கார்ந்தோம். படத்தில் விடுதி வேலை கிடைக்கும் முன் அந்த விதவையிடம் ஒருவர், இப்போது என்ன செய்கிறாய் என்று கேட்பார். "சும்மாதான் இருக்கேன்" என்பாள். வேலையில்லை என்று ஒரு விதமாகவும், ஒன்றும் செய்யவில்லை என்று இன்னொரு விதமாகவும் பிரெஞ்சில் எழுதிக் காட்டினேன். எதற்கும் அவள் ஒப்புக்கொள்ளவில்லை. குரலில் இருக்கிற கோபம் எழுத்தில் வரவில்லை என்றாள். மூன்று மணிக்கும் அதே வரியில்தான் இருந்தோம். இருவருக்கும் நன்றாகப் பசித்தது.