ஒரு ஆணிகூட இல்லாத மணிக்கூண்டு

சாவியம்மா என்றால்தான் அவளை ஊரில் தெரியும். பழைய கல் தேவாலயத்தின் சாவி பத்தொன்பது வருடமாக அவள் இடுப்பில்தான் தொங்குகிறது. பெருக்குவது, தரையில் சொட்டிய மெழுகைச் சுரண்டுவது, கீழே நின்று கயிறு இழுத்து மணியடிப்பது, வேலை அவ்வளவுதான். ஆனால் கட்டடம் பார்க்க யாராவது காரில் வந்து இறங்கிவிட்டால் துடைப்பம் மூலைக்குப் போய்விடும்.

“இந்தச் சன்னல் திட்டைப் பாருங்க. ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம், சுவர் அவ்வளவு கனம்” என்பாள். இடப்பக்கத் தூண்கள் பருமன், வலப்பக்கம் ஒல்லி. “இது அப்பன் கட்டினது, அது மகன். மகனுக்குத் துணிச்சல் ஜாஸ்தி.” கடைசியாக மேலே கைகாட்டிக் குரலைத் தாழ்த்துவாள். “மணி தொங்குற மரச்சட்டத்துல ஒரு ஆணிகூடக் கிடையாது. மரத்துக்குள்ள மரத்தைச் சொருகியே நிறுத்தியிருக்காங்க.” வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடே வேண்டாம்.

பஞ்சர் ஒட்டும் அவள் புருஷன் மட்டும் மசிய மாட்டார். “பெருக்குறதுக்குத்தான் சம்பளம் தர்றாங்க. அளக்குறதுக்கும் சேர்த்துக் கேளேன்.”

அவருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. சாவியம்மா மேலே ஏறியதே இல்லை. வேலைக்குச் சேர்ந்த வாரம் மணிக்கூண்டுக்குப் போகும் சுழல்படியில் பதினோரு படி ஏறினாள். இருட்டில் புறா ஒன்று முகத்தில் அடித்துக்கொண்டு பறந்தது. இறங்கினவள்தான். ஆணிக் கதை, கேமராவோடு வந்த ஒரு ஆள் போகிறபோக்கில் சொன்னது.

மகள் கட்டடக்கலை படிக்கிறாள். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். தேவாலயத்தைப் பற்றி நாற்பது பக்கம் எழுதியிருந்தாள். சனிக்கிழமை காலை தலை பின்னிக்கொண்டே சொன்னாள், “எங்க மேடம் பத்தரை பஸ்ல வர்றாங்கம்மா. நான் எழுதினதைக் காலேஜ் புத்தகத்துல போடப்போறாங்க. ஆணியில்லாத சட்டத்தை நேர்ல பார்க்கணுமாம்.”

சாவியம்மா இடுப்புச் சாவியைப் பிடித்துக்கொண்டாள். தான் சொன்னதெல்லாம் காற்றோடு போய்விடும் என்றே இருந்துவிட்டாள். இவள் எழுதி வைத்துவிட்டாளே! பொய்யென்றால் அச்சில் நிற்கப்போவது மகள் பெயர்.

மகள் பஸ் நிறுத்தத்துக்குக் கிளம்பியதும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். கல்லில் கையை ஊன்றி, ஒவ்வொரு படிக்கும் ஒரு ‘ஆண்டவரே’. மேலே போய் மூச்சு வாங்கியபின் டார்ச் அடித்தாள். தினமும் தன் கை இழுக்கிற மணியை அன்றுதான் பார்த்தாள். நினைத்ததைவிடச் சின்னது. அதைத் தாங்கிய சட்டத்தில் மரத்துக்குள் மரம் இருந்தது உண்மை. மூட்டுக்கு மூட்டு கட்டைவிரல் தடிமனில் ஆணியும் இருந்தது. எண்ணிக்கொண்டே போனாள். பத்தொன்பதோடு விட்டுவிட்டாள்.

மகளும் ஆசிரியையும் உள்ளே வந்தபோது அவள் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தாள், தலையெல்லாம் சுண்ணாம்பு.

“என்னம்மா இது கோலம்?”

“ஆணி இருக்குடி.”

“என்ன?”

“சட்டத்துல. நிறைய.” ஆசிரியை பக்கம் திரும்பினாள். “டீச்சரம்மா, இது நான் சொல்லித்தான் இவ எழுதினா. நான் ஏறினதே இல்ல, இப்பதான் ஏறினேன். எம்பொண்ணு பேர்ல தப்பில்ல.”

மகளின் முகம் சிவந்தது. கோபம் வரும் என்று சாவியம்மா காத்திருந்தாள். வந்தது, வேறு மாதிரி.

“சும்மா இரும்மா! இவ்வளவு நாள் படம் போட்டேன், எனக்குக் கால் இல்லையா? மேடம், நானும் ஏறிப் பார்க்கல. அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு எழுதிட்டேன்.”

ஆசிரியை சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. “அப்ப இது இப்படியே அச்சுக்குப் போகாது. அடுத்த மாசம்தான். இன்னிக்கு ஏறு. ஆணி எங்கெங்க இருக்கோ அங்கங்க வரை.”

மூன்று பேரும் ஏறினார்கள். சட்டத்தின் முன்னால் மகள் தாளை விரித்தாள். ஆசிரியை ஓர் ஆணித்தலையைத் தடவிப் பார்த்தார். “மூட்டு ரொம்பப் பழசு. ஆணி அவ்வளவு பழசில்ல. யாரும்மா அடிச்சிருப்பாங்க?”

சாவியம்மாவின் நாக்கு நுனியில் ஒரு கதை தயாராக இருந்தது. புயல், ஆடிய மணி, அவசரமாக ஓடிவந்த ஒரு கொல்லன். நல்ல கதை. மகளின் பென்சில் தாளின்மேல் காத்திருந்தது.

சாவியம்மா அந்தக் கதையை விழுங்கினாள்.

“தெரியலீங்க” என்றாள்.